பார்த்தாயிற்று

நம் சங்கத்தின் மாத இதழில் சமையற் குறிப்பு வருகிறது; ஊர்ப் பிரயாணம் வருகிறது; பிள்ளைகளின் பரீட்சை வெற்றியும் வருகிறது. மோட்டார் என்ஜினைப் பற்றி எவரும் எழுதி நாம் கண்டதில்லை. அதிலும் ரயில்வே குமாஸ்தா ஒருவர் அதைப் பற்றி எழுத முன்வந்தது நேயர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பேனாவைத் தவிர வேறு கருவி பிடித்தறியாத கை நம்முடையது. ஆயினும் 2023-ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி, நம் வீட்டுத் தகரக் கொட்டகையிலேயே ஒரு பழைய ஜீப்பின் காம்ஷாப்டை மாற்றினோம். ஒரு தடவை பூட்டி முடித்ததை மறுபடி பிரித்துப் பூட்ட நேர்ந்தது. அது ஏன் நேர்ந்தது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம்.

நம் தகப்பனாருக்குப் பூர்வீகம் திருச்சிராப்பள்ளியை அடுத்த பொன்மலை. ரயில்வே பட்டறையின் சங்கொலியைக் கேட்டுப் பொழுது விடிந்த வீடு அது. 1978-ஆம் ஆண்டில் பிட்டர் வேலை கிடைத்து மத்தியப் பிரதேசத்து இட்டார்சிக்கு வந்தவர், அவ்வூர் டீசல் ஷெட்டில் முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்து 2014-இல் ஓய்வு பெற்றார். அவர் கைபட்டு ஓடியவை பெரும்பாலும் பதினாறு சிலிண்டரும் 2,600 குதிரைத் திறனும் உடைய டபிள்யூ.டி.எம்.2 என்ஜின்கள். ஓய்வுக்குப் பின், நாம் வேலை பார்க்கும் ஜபல்பூருக்கு வந்து நம்மோடு வசிக்கிறார். வரும்போது இரண்டு சாமான்களைத்தான் அவர் முக்கியமாகக் கருதினார். ஒன்று அவருடைய ஸ்பானர் பெட்டி. மற்றொன்று அந்த ஜீப்.

ஜீப்பை அவர் 2004-இல் ஓர் அரசாங்க இலாகாவின் ஏலத்தில் எடுத்தார். நாம் பத்தாம் வகுப்புத் தேறியதும் அதே ஆண்டுதான். மேற்கொண்டு படிக்க வைக்கப் பணமில்லை என்று சொன்னவர் ஜீப் வாங்கிவிட்டாரே என்ற எண்ணம் நம் மனத்தில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. இட்டார்சிக் காலனியில் நள்ளிரவில் பிரசவ வலி கண்டவர்களையும், மாரடைப்பு வந்தவர்களையும் அந்த ஜீப் எத்தனையோ தடவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தது. ஒருவரிடமும் அவர் காலணா வாங்கியதில்லை. இவற்றையெல்லாம் கண்ணால் கண்டும் நம் முள் முழுவதும் போகவில்லை. இதை மறைக்காமல் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. பின்னால் நாம் காட்டிய அலட்சியத்தில் அந்த முள்ளுக்கும் பங்கு இருந்தது.

ஜீப்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அது மகிந்திரா நிறுவனம் அமெரிக்க வில்லிஸ் கம்பெனியின் உரிமம் பெற்று நம் நாட்டில் தயாரித்த சி.ஜே.3பி வகையைச் சேர்ந்தது. அமெரிக்காவில் அவ்வகை 1953-இல் வெளிவந்தது. அதன் பெட்ரோல் என்ஜினுக்கு ஹரிக்கேன் என்று பெயர். நான்கு சிலிண்டர், கொள்ளளவு ஏறக்குறைய 2.2 லிட்டர். யுத்த காலத்து ஜீப் என்ஜினில் எல்லா வால்வுகளும் பக்கவாட்டில், பிளாக்கிலேயே இருந்தன. ஹரிக்கேனிலோ எக்ஸாஸ்ட் வால்வுகள் நான்கும் பிளாக்கில் இருக்க, இன்லெட் வால்வுகள் நான்கும் மேலே ஹெட்டுக்கு ஏறிவிட்டன. என்ஜின் உயர்ந்தது, அதற்கு இடம் கொடுக்கப் பானெட்டும் உயர்ந்தது. நெற்றி தூக்கிய அந்த முகத்தைக் கண்டே இவ்வகை ஜீப்பை அடையாளம் சொல்லிவிடலாம்.

2019-ஆம் ஆண்டு தகப்பனாருக்குக் கை நடுங்கத் தொடங்கியது. நடுக்குவாதம் என்றார் மருத்துவர். ஸ்பானரைப் பிடித்தால் அது போல்ட்டின் தலையில் உட்காருவதற்குள் பத்துத் தடவை தட்டும். அன்றிலிருந்து ஜீப்பின் பொறுப்பு நமக்கு வந்தது. மறு ஆண்டு மார்ச்சு மாதம் ஊரடங்கு வந்தது. ஜீப் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. ஞாயிறு தோறும் காலையில், திண்ணையில் அமர்ந்தபடி தகப்பனார் ஒரே கேள்வியைக் கேட்பார்.

“எண்ணெய் பார்த்தாயா தம்பி?”

“பார்த்தாயிற்று அப்பா.”

முதல் இரண்டு மாதம் உண்மையாகவே பார்த்தோம். பிறகு அளவுக் கம்பியை இழுப்பதை விட்டோம். அதன் பிறகு பானெட்டைத் திறப்பதையே விட்டோம். சாவியைத் திருப்பி ஐந்து நிமிஷம் உறும விட்டு நிறுத்திவிடுவோம். பதில் மட்டும் மாறவில்லை. 2022-இல் மறுபடியும் ஓட்டத் தொடங்கியபோதும், பழைய எண்ணெயிலேயே ஓட்டினோம். மாற்றினாயா என்று கேட்டதற்கு, அதற்கும் “ஆயிற்று” என்றே சொன்னோம்.

2023-ஆம் ஆண்டு மழைக்காலம் முடியும் சமயம் ஜீப் இருமத் தொடங்கியது. மேடு ஏறும்போது கார்புரேட்டர் வழியாகப் ‘பட், பட்’ என்று திருப்பி ஊதும். இழுவை பாதியாகக் குறைந்தது. ஒரு மெக்கானிக் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். இன்னொருவர் பிளக்குகளையும் பாயிண்டையும் மாற்றினார். மூன்றாமவர், “இந்த என்ஜினைத் தூக்கி எறிந்துவிட்டு டீசல் என்ஜின் போடுங்கள், இல்லையேல் எடைக்குப் போடுங்கள்” என்று தீர்ப்புக் கூறினார். வண்டியின் பதிவுச் சான்று வருகிற ஜனவரியோடு முடிவதாக இருந்தது. பதினைந்து ஆண்டு கடந்த சொந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். இருமுகிற வண்டி சோதனையில் தேறாது. எடைக்குப் போடலாம் என்ற யோசனை நமக்குப் பிடித்தே இருந்தது. அதைத் தகப்பனாரிடம் சொல்லவும் சொன்னோம்.

அவர் மறுமொழி கூறாமல் நாற்காலியைக் கொட்டகைக்குள் போடச் சொன்னார். என்ஜினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றச் செய்தார். பிறகு கைப்பிடி போட்டு என்ஜினை மெல்லச் சுழற்றச் சொல்லி, உள்ளே ஒவ்வொரு டாப்பெட்டும் எழுந்து அமர்வதை டார்ச் வெளிச்சத்தில் கவனித்தார். எக்ஸாஸ்ட் டாப்பெட்டுகளில் மூன்று ஒரே உயரத்துக்கு எழுந்தன. மூன்றாவது சிலிண்டருக்கு உரியது மட்டும் அதில் பாதிகூட எழவில்லை.

“பாரப்பா, புகை போக வழியில்லை. போகாத புகைதான் இன்லெட் திறந்ததும் கார்புரேட்டர் வழியாக வெளியே வருகிறது. காம்ஷாப்ட் தேய்ந்துவிட்டது” என்றார்.

காம்ஷாப்ட் என்பது யாது என்று நமக்கும் அன்றுதான் சரியாக விளங்கியது. ரயில்வேக்காரர்களுக்கு விளங்கும்படி சொல்லுவதானால், அது என்ஜினின் கால அட்டவணை. பிஸ்டன்களின் மேலும் கீழுமான ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றுவது கிராங்க்ஷாப்ட். அது இரண்டு சுற்றுச் சுற்றினால் காம்ஷாப்ட் ஒரு சுற்றுச் சுற்றும்படி இரண்டையும் பற்சக்கரங்கள் இணைக்கின்றன. காம்ஷாப்டின் உடலில் முட்டை வடிவான எட்டு மேடுகள் உண்டு, வால்வுக்கு ஒன்றாக. மேடு சுற்றி வரும்போது அதன் மேல் நிற்கும் டாப்பெட் எழுந்து வால்வைத் திறக்கிறது. மேடு விலகியதும் ஸ்பிரிங்கு மூடுகிறது. எந்த வால்வு எப்போது திறப்பது, எவ்வளவு நேரம் திறந்திருப்பது என்பதெல்லாம் அந்த மேட்டின் உருவத்தில் எழுதப்பட்டுவிட்டது. என்ஜின் நிமிஷத்துக்கு 1,500 சுற்று ஓடினால் ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 750 தடவை திறந்து மூடும். அட்டவணையில் ஒரு வரி அழிந்துபோனால் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

அந்த வரி ஏன் அழிந்தது? இவ்வகை என்ஜின்களில் மேடும் டாப்பெட்டின் அடிப்பாகமும் உருளாமல் உரசியே ஓடுகின்றன. இரண்டுக்கும் நடுவே நிற்பது எண்ணெயின் மெல்லிய படலம் ஒன்றே. எண்ணெயில் கலந்துள்ள துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மம் அந்த இடத்தில் உலோகத்தைக் காக்கிறது. தற்காலக் கார்களின் புகைக்குழாயில் நச்சுப் புகையை மாற்றும் சாதனம் இருப்பதால், அது கெடாமலிருக்கப் புதுவகை எண்ணெய்களில் இந்தச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். பழைய என்ஜினுக்கு அது கூடுதலாக உள்ள எண்ணெயைத் தேடி ஊற்றவேண்டும். நின்ற வண்டியில் எண்ணெய் மேட்டிலிருந்து வடிந்து இறங்கிவிடும். பல மாதம் கழித்துக் கெட்டுப்போன எண்ணெயோடு கிளப்பினால் உலோகம் உலோகத்தைத் தின்னும். மேலோட்டின் கடினம் போய்விட்டால் பிறகு தேய்மானத்துக்கு நாள் கணக்கு வேண்டியதில்லை.

மறு நாள் எண்ணெயை வடித்தோம். கரித்தாரைப் போல இறங்கிற்று. தகப்பனார் அதில் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். நடுங்கும் விரல்களில் உலோகப் பொடி மினுமினுத்தது. வெகு நேரம் அதையே பார்த்துவிட்டுப் பழந்துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாம் தலையைக் குனிந்துகொண்டு ரேடியேட்டரின் தண்ணீரைத் திறந்துவிட்டோம்.

புதுக் காம்ஷாப்டுக்கு ஜபல்பூரில் அலைந்து பயனில்லை. சென்னையிலிருக்கும் நம் அத்தை மகன் இரண்டு சனிக்கிழமை புதுப்பேட்டைக் கடைகளில் ஏறி இறங்கி, கிரீஸ் காகிதம் சுற்றியபடி எவரும் தொடாத காம்ஷாப்ட் ஒன்றையும், எட்டுப் புது டாப்பெட்டுகளையும், காஸ்கட்டுகளையும் வாங்கி, ஊரிலிருந்து திரும்பிய காலனி நண்பர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். பழைய டாப்பெட்டில் நல்லவை ஏழு இருக்கின்றனவே என்று நாம் சிக்கனம் பேசினோம். தகப்பனார் ஒப்பவில்லை. ஒவ்வொரு டாப்பெட்டும் தன் பழைய மேட்டோடு உரசி அதற்கேற்ற முகம் பெற்றுவிட்டது. புது மேட்டின் மேல் அதை வைத்தால் புது மேட்டையும் கெடுக்கும் என்றார்.

வேலை தொடங்கியது. அலுவலகம் விட்டு வந்து மாலை ஆறு முதல் ஒன்பது வரை. ஞாயிறு முழு நாள். அவர் நாற்காலியில் இருந்து சொல்லுவார், நாம் செய்வோம். பாட்டரியின் இணைப்பைப் பிரித்தோம். பானெட்டு, ரேடியேட்டர், முன் கிராதி எல்லாவற்றையும் இறக்கினோம். அப்பொழுதுதான் நீளமான காம்ஷாப்டை முன்பக்கமாக உருவ வழி கிடைக்கும். ஹெட்டைக் கழற்றினோம். எக்ஸாஸ்ட் வால்வுகளை எடுத்து, எது எந்தத் துளையினது என்று அட்டையில் எண் எழுதிக் குத்தி வைத்தோம். இந்த ஒரு வேலையில் மட்டும் குமாஸ்தாவின் கை தகப்பனாரிடம் பாராட்டுப் பெற்றது. காம்ஷாப்டால் இயங்கும் பெட்ரோல் பம்பையும் எண்ணெய்ப் பம்பையும் பிரித்தோம். டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டர் எந்தத் திசை காட்டுகிறது என்று முன்னதாகவே சுண்ணாம்புக் கட்டியால் குறித்துக்கொண்டோம். அடியில் எண்ணெய்த் தொட்டியை இறக்கினோம். கப்பியையும் முன் மூடியையும் எடுத்ததும் இரண்டு பற்சக்கரங்களும் கண்ணுக்குத் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிறு புள்ளி குத்தியிருக்கிறது. இரு புள்ளிகளும் நேருக்கு நேர் நின்றால் அட்டவணை சரி. ஒரு பல் தள்ளி நின்றாலும் தவறு.

டாப்பெட்டுகளை மேலே தூக்கி நிறுத்திவைத்தால்தான் காம்ஷாப்ட் உருவ வரும். அதற்கு என்ன செய்வதென்று நாம் திகைத்தபோது தகப்பனார் உள்ளே குரல் கொடுத்து மருமகளிடம் துணி உலர்த்தும் கிளிப்பு எட்டு வாங்கினார். டாப்பெட்டுக்கு ஒரு கிளிப்பு! அவை விழாமல் நின்றன. பழைய காம்ஷாப்டை உருவி வெயிலில் வைத்துப் பார்த்தோம். ஏழு மேடுகள் முட்டையாக இருந்தன. ஒன்று மட்டும் ஏறக்குறைய வட்டமாகிவிட்டது. அதன் மேல் நின்ற டாப்பெட்டின் அடி குழிந்து கிண்ணமாக இருந்தது.

கிளிப்புகளை எடுத்துப் பழைய டாப்பெட்டுகளைக் கீழ்வழியாக இறக்கினோம். புதியவற்றை அதே வழியாக ஏற்றி, மறுபடியும் கிளிப்பு மாட்டினோம். புதுக் காம்ஷாப்டின் மேடுகளுக்கு மாலிப்டினப் பசை பூசி, தாங்கிகளுக்கு எண்ணெய் தடவி, குழந்தையைத் தொட்டிலில் இடுவது போல உள்ளே செலுத்தினோம். மேட்டின் கூர்மை தாங்கியில் இடித்துக் கீறிவிடக்கூடாது. வால்வுகளைப் பூட்டி, இன்லெட்டுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் 18, எக்ஸாஸ்ட்டுக்கு ஆயிரத்தில் 16 என்று ஃபீலர் தகட்டை நுழைத்து இடைவெளி வைத்தோம். இதை மூன்று தடவை அளந்தோம்.

அளக்காதது ஒன்றே ஒன்று. பற்சக்கரத்தைப் பூட்டிய அன்று மணி ஒன்பதரை ஆகிவிட்டது. மறு நாள் அலுவலகத்தில் மாதக் கணக்கு முடிக்கவேண்டும். அந்தச் சக்கரங்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஆகையால் சக்கரத்தை உள்ளே தள்ளும்போது அது சிறிது திரும்பிக்கொண்டே சென்று அமரும். அமர்ந்த பிறகு புள்ளிகளைத் துடைத்துப் பார்க்கவேண்டும். முழங்கால் மடக்கி அங்கே குனிய முடியாத தகப்பனார் நாற்காலியிலிருந்து கேட்டார்.

“புள்ளி இரண்டும் நேருக்கு நேர் நிற்கிறதா? துடைத்துப் பார்த்தாயா?”

“பார்த்தாயிற்று அப்பா.”

நாம் துடைக்கவில்லை. தள்ளும் முன் நேராக இருந்ததைக் கண்டோம். அது போதும் என்று நினைத்துக்கொண்டோம். ஆனால் அவர் கேட்டது அதுவல்ல. மூடியைப் போட்டுப் போல்ட்டுகளை இறுக்கினோம்.

தீபாவளிக்கு முதல் நாள் மாலை எல்லாவற்றையும் பூட்டி முடித்துப் புது எண்ணெய் ஊற்றி, சாவியைத் திருப்பினோம். என்ஜின் கிளம்பியது. கிளம்பியதே தவிர, நொண்டியது. கார்புரேட்டரில் ஒரு முறை, புகைக்குழாயில் ஒரு முறை என்று மாறி மாறி வெடித்தது. அண்டை வீட்டுக் குழந்தைகள் பட்டாசு என்று எண்ணி வேலிக்கு அப்பால் நின்று கைதட்டினார்கள். தகப்பனார் ஒரு நீளத் திருப்புளியின் முனையை முன் மூடியின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டார். சில வினாடிதான். “நிறுத்து” என்றார்.

கொட்டகையில் அமைதி உண்டாயிற்று. அவர் நம்மை நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, புள்ளியைத் துடைத்துப் பார்த்தாயா?”

அலுவலகத்தில் நாம் நாள்தோறும் எத்தனையோ தாள்களில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திடுகிறோம். அந்தச் சொல் நம் பேனாவுக்கு அத்தனை பழக்கம். அன்று மாலை அது வாயில் வரவில்லை. “இல்லை அப்பா” என்றோம். அதோடு நிற்க முடியவில்லை. “எண்ணெயும் பார்க்கவில்லை. இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. மாற்றவும் இல்லை” என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டோம்.

“எண்ணெயை வடித்த அன்றே தெரியும்” என்றார் அவர்.

“ஏன் கேட்கவில்லை?”

“நீயாகச் சொல்லுவாய் என்று இருந்தேன்.” சிறிது நேரம் கழித்து மேலும் சொன்னார்: “ஷெட்டில் எங்களுக்கு ஒன்று உண்டு. பார்க்கவில்லை என்று சொல்லு. திட்டு வாங்கிக்கொண்டு போய்ப் பார். ஆனால் பார்க்காமல் பார்த்தேன் என்று சொல்லாதே. நாம் கையெழுத்துப் போட்ட என்ஜின் ராத்திரி ஆயிரம் பேரை இழுத்துக்கொண்டு போகும். அவர்கள் நம் வார்த்தையின் மேல் தூங்குகிறார்கள்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நமக்கு எளிதாக இருந்திருக்கும்.

அந்தத் தீபாவளியை நாம் எண்ணெய் தேய்த்துக் குளித்துக் கழித்தோமே தவிர, மனம் கொட்டகையில்தான் இருந்தது. பண்டிகை முடிந்த மறு நாளே ரேடியேட்டரையும் கப்பியையும் முன் மூடியையும் மறுபடி இறக்கினோம். சக்கரத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தால், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே ஒரு பல் தள்ளியிருந்தது. ஒரே ஒரு பல்! நல்ல வேளையாக வேறு சேதம் நேரவில்லை. சக்கரத்தை இழுத்து, ஒரு பல் முன்கூட்டி வைத்து மறுபடியும் செலுத்தினோம். அமர்ந்ததும் துடைத்தோம். டார்ச்சைப் பிடித்துப் பார்த்தோம். நேருக்கு நேர் நின்றன. என்ஜினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் பார்த்தோம். அதே இடத்தில் வந்து நின்றன.

தகப்பனாரும் பார்க்கட்டும் என்று வீட்டிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துவந்து, நாற்காலியில் இருந்தபடியே அவருக்குத் தெரியுமாறு சாய்த்துப் பிடித்தோம். அவர் கண்ணாடியை விலக்கினார்.

“நீ பார்த்தாயா?”

“பார்த்தேன் அப்பா.”

“பிறகு என்ன? மூடு.”

இத்தனை நாளும் அவர் வைத்த நம்பிக்கையை நாம் எவ்வளவு மலிவாகச் செலவழித்தோம் என்பது அந்த ஒரு சொல்லில் விளங்கிற்று.

புதுக் காம்ஷாப்டைக் கிளப்பியதும் மெதுவாக ஓடவிடக்கூடாது. நிமிஷத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று வரை ஏற்றி இறக்கி, இருபது நிமிஷம் நிறுத்தாமல் ஓட்டவேண்டும். மெதுவாக ஓடினால் மேட்டின் மேல் எண்ணெய் போதிய அளவு தெறிக்காது. மேடும் டாப்பெட்டும் ஒன்றுக்கொன்று பழகும் நேரம் அதுதான். முதல் தடவை ஓடியதில் பசை வழித்துப் போயிருக்கும் என்று, பக்கவாட்டு மூடியைத் திறந்து டாப்பெட்டுகளுக்கு மறுபடியும் எண்ணெய் ஊற்றச் சொன்னார். பிறகு கிளப்பினோம். இருபது நிமிஷமும் அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். நாம்தாம் கடிகாரம் பார்த்தோம். இருமல் இல்லை; வெடி இல்லை. நான்கு சிலிண்டரும் ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்று தத்தம் முறையில் வந்து போயின. வெயிலில் உலர்ந்த நெல்லைக் கையால் துழாவுவது போல ஒரே சீரான ஓசை. எண்ணெயைச் சூட்டோடு வடித்து மாற்றினோம். அதில் பொடி மினுக்கவில்லை.

டிசம்பரில் சோதனைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். வண்டி தேறியது. பதிவு ஐந்தாண்டுக்கு நீடித்தது. 2024-ஆம் ஆண்டு பொங்கலுக்கு மறு நாள் தகப்பனாரை முன் இருக்கையில் அமர்த்தி, பின்னால் பேரக் குழந்தைகளையும் கரும்பையும் ஏற்றிக்கொண்டு நர்மதைக் கரையில் குவாரிகாட்டுக்குப் போனோம். படித்துறையை நெருங்கும்போது அவர் நடுங்கும் கையை டாஷ்போர்டின் மேல் வைத்தார். ஓடும் என்ஜினின் அதிர்வில் அந்த நடுக்கம் தெரியவில்லை. பொன்மலையைப் பற்றியும், காவிரிக் கரையைப் பற்றியும் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நமக்கு அந்த ஜீப்பின் மேல் இருந்த பழைய முள் அன்று தேடியும் அகப்படவில்லை.

நேயர்களே, இதில் என்ஜின் வைத்திருப்பவர்களுக்கு உதவும் குறிப்புகள் சில உள்ளன. என்ஜின் இல்லாதவர்களுக்கும் ஒன்று உண்டு. ஊரை விட்டு வெகு தூரம் வந்து வாழும் நம்மவர் எல்லாரிடமும் தொலைபேசியில் முதியவர்கள் கேட்கிறார்கள்: மாத்திரைக்கு ஏற்பாடு செய்தாயா? வீட்டு ஓட்டைப் பார்க்க ஆள் அனுப்பினாயா? அத்தைக்குக் கடிதம் போட்டாயா? நாமும் வேலை அவசரத்தில் ‘ஆயிற்று, ஆயிற்று’ என்கிறோம். அவர்கள் மேலே கேட்பதில்லை. கேட்காததனால் தெரியாது என்று பொருள் அல்ல.

இப்போதும் ஞாயிறு தோறும் காலையில் பானெட்டைத் திறக்கிறோம். தகப்பனார் இப்பொழுதெல்லாம் கேட்பதில்லை. நாமாகவே அளவுக் கம்பியை இழுத்துத் துடைத்து, மறுபடி நுழைத்து எடுத்து, திண்ணைக்குக் கொண்டுபோய் அவரிடம் நீட்டுகிறோம். ஒரு துளியை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “சரி” என்கிறார்.